கொழுப்பு இடம் மாறவில்லை

1990களின் கடைசியில் சிட்னியின் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனைக்கு வந்துபோன எச்.ஐ.வி. நோயாளிகளில் ஒரு சாரார் வித்தியாசமாக இளைத்துக்கொண்டிருந்தார்கள். எய்ட்ஸ் இளைப்பு அங்கிருந்த மருத்துவர்களுக்குப் பழகியதுதான். காய்ச்சலும் பேதியுமாகத் தசை கரைந்து ஆள் மொத்தமாகச் சுருங்கிப்போவது அது. இது அப்படியில்லை. இவர்களுடைய ரத்தத்தில் வைரஸ் கருவிக்கு அகப்படாத அளவுக்கு இறங்கியிருந்தது, நோய் எதிர்ப்புக்கான சி.டி.4 அணுக்கள் ஏறிக்கொண்டிருந்தன. பசி எடுத்தது, வேலைக்குப் போனார்கள். ஆனால் கன்னம் ஒட்டி, நெற்றிப்பொட்டில் குழி விழுந்து, தொடையிலும் முன்கையிலும் பச்சை நரம்பு புடைத்துக்கொண்டு தெரிந்தது. பிட்டம் வற்றிப்போனதால் மர நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே எலும்பு உறுத்தியது. இன்னும் சிலருக்கு வயிறு முன்னால் தள்ளியது, பிடரிக்குக் கீழே திமில் போல் ஒரு மேடு எழுந்தது.

ஆண்ட்ரூ கார், டேவிட் கூப்பர் முதலானோர் 1998இல் ‘எய்ட்ஸ்’ ஆய்விதழில் இதை விவரித்து எழுதினார்கள். கை, கால், முகத்தில் கொழுப்பு வற்றுவது, ரத்தத்தில் கொழுப்பு ஏறுவது, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவது ஆகிய மூன்றையும் ஒரே நோய்த்தொகுப்பாகக் கட்டி, ‘லிப்போடிஸ்ட்ரோபி’ என்ற பெயரின் கீழ் வைத்தார்கள். நோயாளிகள் அதற்கு முன்பே தங்களுக்குள் பெயர் வைத்துவிட்டிருந்தார்கள். இண்டினவிர் என்ற மருந்தின் வணிகப் பெயர் கிரிக்சிவான். அதைச் சாப்பிட்டவர்களுக்கு வந்த வயிற்றை அமெரிக்க நோயாளிகள் ‘கிரிக்ஸ் பெல்லி’ என்றார்கள். கிரிக்ஸ் தொப்பை. அந்தப் பெயரிலேயே குற்றவாளி யார் என்ற தீர்ப்பும் இருந்தது.

இண்டினவிர், புரோட்டியேஸ் தடுப்பான்கள் என்ற அப்போதைய புதிய வகை மருந்து. 1995 டிசம்பரில் சக்வினவிர், 1996 மார்ச்சில் ரிட்டோனவிர், இண்டினவிர் என்று வரிசையாக அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஏற்கெனவே இருந்த இரண்டு மருந்துகளோடு இவற்றில் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்ததுதான் கூட்டு மருந்துச் சிகிச்சையின் தொடக்கம். 1996க்கும் 1997க்கும் இடையே மட்டும் அமெரிக்காவில் எய்ட்ஸ் சாவு 47 சதவீதம் குறைந்தது. அடுத்த ஆண்டே கொழுப்புப் பிரச்சினை பற்றிய கட்டுரைகள் வரத் தொடங்கின. புதிதாக வந்தது புரோட்டியேஸ் தடுப்பான், அதன் பின்னால் வந்தது இந்த உருமாற்றம். சந்தேகம் புதிய மருந்தின் மேல் விழுந்ததில் வியப்பில்லை. ஆனால் எச்.ஐ.வி.க்கு யாரும் ஒற்றை மருந்தால் சிகிச்சை பெறுவதில்லை. புதிய மாத்திரை உள்ளே போகும்போது கூடவே இரண்டு பழைய மாத்திரைகளும் போயின. அவற்றை அப்போது பெரும்பாலோர் கவனிக்கவில்லை.

இந்த நோயின் கொழுப்பு வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இந்தப் பழக்கம்தான். புதியதைப் பிடித்து விசாரிப்போம், பழையது பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும். 1998இல் நடந்தது, 2019இல் வேறு உருவில் மறுபடி நடந்தது.

பழைய மருந்துகளின் மேல் முதலில் கை நீட்டியவர்களில் பிரான்சின் லியோன் நகர மருத்துவர்களும் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த் நகரில் சைமன் மல்லால், டேவிட் நோலன் குழுவினரும் உண்டு. புரோட்டியேஸ் தடுப்பானையே தொடாத நோயாளிகளுக்கும் கன்னம் ஒட்டுகிறதே, அது எப்படி என்று லியோனிலிருந்து 1999இல் கேட்டார்கள். அப்படிப்பட்டவர்களில் பலர் ஸ்டாவுடின் என்ற பழைய மருந்தைச் சாப்பிட்டவர்கள். அடுத்த ஆண்டு பெர்த் குழுவும் அதையே சொன்னது. தைமிடின் என்ற மூலக்கூறைப் போலி செய்யும் ஸ்டாவுடினும் சிடோவுடினும்தான் கொழுப்பை வற்றவைக்கின்றன, இரண்டில் ஸ்டாவுடின் மோசம். புரோட்டியேஸ் தடுப்பான் கூட இருந்தால் வேகம் கூடுகிறது.

அது நடக்கும் விதம் இப்போது ஓரளவு தெளிவு. வைரஸ் தன்னை நகலெடுக்க டி.என்.ஏ. இழையை ஒவ்வொரு கண்ணியாகக் கோக்கிறது. ஸ்டாவுடின், பின்பக்கக் கொக்கி இல்லாத ரயில் பெட்டி மாதிரி. வரிசையில் ஏறிக்கொள்ளும், ஆனால் அதற்குப் பின்னால் அடுத்த பெட்டியை மாட்ட முடியாது. நகலெடுப்பு அங்கேயே நின்றுவிடும். சிக்கல் என்னவென்றால், நம்முடைய செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் தனி டி.என்.ஏ. உண்டு. அதை நகலெடுக்கும் பாலிமரேஸ் காமா என்ற நொதி, வைரஸின் நொதியைப் போலவே இந்தப் போலியிடம் ஏமாறுகிறது. செல்லின் கருவில் வேலை செய்யும் நொதிகள் அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மாத்திரை உள்ளே போகப்போக, மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. குறைந்துகொண்டே வருகிறது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு செல்கள் சுருங்கி மடிகின்றன, புதிய செல்கள் முதிர்வதும் தடைபடுகிறது. காலில் எரிச்சலும் மதமதப்பும் வந்ததற்கும், சிலருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தானதற்கும் இதே சேதம்தான் காரணம் என்ற கருத்தை நெதர்லாந்தின் கீஸ் பிரிங்க்மன் முதலானோர் முன்வைத்தார்கள். கன்னம் ஒட்டியதும் காலெரிச்சலும் லாக்டிக் அமில ஏற்றமும் மூன்று தனித்தனி வியாதிகளாகத் தெரிந்தாலும், வேர் ஒன்றாக இருக்கக்கூடும் என்பது பெரிய திறப்பு.

இன்னொரு சான்று, மருந்துகளை நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த சோதனைகளிலிருந்து வந்தது. ஒரு பிரிவுக்கு ஸ்டாவுடின், இன்னொரு பிரிவுக்கு டெனோஃபோவிர், மற்ற இரண்டு மருந்துகளும் இருவருக்கும் பொது என்று வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2004இல் வெளியானது. மூன்றாண்டு முடிவில் கொழுப்புக் கோளாறு ஸ்டாவுடின் பிரிவில் 19 சதவீதம் பேருக்கு, டெனோஃபோவிர் பிரிவில் 3 சதவீதம் பேருக்கு. இரண்டு பிரிவிலும் புரோட்டியேஸ் தடுப்பான் கிடையாது. ஏ.சி.டி.ஜி. 5142 என்ற அமெரிக்க ஆய்வு இன்னும் ஒரு படி போய், புரோட்டியேஸ் தடுப்பானான லோபினவிரையும் அந்த வகையைச் சேராத எஃபாவிரன்ஸையும் ஒப்பிட்டது. கை கால் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தவர்கள் எஃபாவிரன்ஸ் பிரிவில் 32 சதவீதம், லோபினவிர் பிரிவில் 17 சதவீதம். பழி சுமத்தப்பட்ட மருந்துதான் இங்கே கொழுப்பை அதிகம் விட்டுவைத்தது. இதை எதிர்பார்த்தவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

புரோட்டியேஸ் தடுப்பான்கள் முழுக்க நிரபராதி என்று இதற்குப் பொருளில்லை. இண்டினவிர், சர்க்கரையைச் செல்லுக்குள் ஏற்றிவிடும் கடத்தியைத் தடுப்பது ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தலைமுறை மருந்துகள் பலவும் ட்ரைகிளிசரைடை ஏற்றின. ரத்தத்தில் நடந்ததில் அவற்றுக்குக் கணிசமான பங்கு உண்டு. முகத்தில் நடந்தது வேறு.

அடுத்து விழுந்த அடி, ‘லிப்போடிஸ்ட்ரோபி’ என்ற அந்த ஒற்றைப் பெயருக்கு. கை கால்களில் வற்றும் கொழுப்பு வயிற்றுக்குள் போய்ச் சேருகிறது, அதாவது இடம் மாறுகிறது என்றே பலரும் நம்பியிருந்தார்கள். பார்ப்பவர் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். கார்ல் குருன்ஃபெல்டு வழிநடத்திய ‘ஃபிராம்’ ஆய்வு, எச்.ஐ.வி. உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் எம்.ஆர்.ஐ. வைத்து உறுப்பு உறுப்பாக அளந்தது. ஆண்களைப் பற்றிய முடிவு 2005இல் வந்தது. கை கால் கொழுப்பை இழந்தவர்களிடம் உள்வயிற்றுக் கொழுப்பு கூடியிருக்கவில்லை, குறைந்தே இருந்தது. கால் குச்சியானதால்தான் வயிறு பெரிதாகத் தெரிந்தது. கொழுப்பு எங்கேயும் இடம் மாறவில்லை. தோலுக்கடியில் வற்றுவது ஒரு நிகழ்வு, வயிற்றுக்குள் சேர்வது இன்னொரு நிகழ்வு. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறாகத்தான் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் கட்டிவைத்திருந்த ஆண்டுகளில் ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்துப் பார்த்து நேரம் போனது. நீரிழிவு மருந்தான ரோசிகிளிட்டசோன் அப்படிச் சோதிக்கப்பட்ட ஒன்று. சிட்னிக் குழுவே நடத்திய அந்தச் சோதனையில், கை காலில் கொழுப்பு திரும்பவில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் உலகின் பெரும்பகுதியில் ஸ்டாவுடின் ஏன் நீடித்தது? இதற்கான விடை ஆய்வகத்தில் இல்லை, விலைப்பட்டியலில் இருக்கிறது.

ஸ்டாவுடினை 1960களில் அமெரிக்காவில் ஜெரோம் ஹார்விட்ஸ் புற்றுநோய்க்கான தேடலில் உருவாக்கினார். அது எச்.ஐ.வி.க்கு எதிராக வேலை செய்யும் என்பதை யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் புருசாஃபும் டாய்-ஷுன் லின்னும் கண்டறிந்தார்கள். காப்புரிமை யேலுக்கு, விற்பனை உரிமை பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் கம்பெனிக்கு. 2001இல் தென்னாப்பிரிக்காவில் இந்த மருந்தை மலிவாக இறக்க வேண்டும் என்று ‘எல்லையற்ற மருத்துவர்கள்’ அமைப்பு யேலைக் கேட்டது. பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் அதோடு சேர்ந்துகொண்டார்கள், புருசாஃபும் அவர்கள் பக்கம் நின்றார். அந்த மார்ச்சில், தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வற்புறுத்தப்போவதில்லை என்று கம்பெனி அறிவித்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் மும்பையின் சிப்ளா கம்பெனித் தலைவர் யூசுப் ஹமீத், ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றையும் ஆளுக்கு ஆண்டுக்கு 350 டாலரில், நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக, அந்த அமைப்புக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். மேற்கில் அன்றைய விலை 10,000 டாலருக்கு மேல். மூன்றையும் ஒரே மாத்திரையில் அடைத்து வந்தது ‘ட்ரையோமியூன்’. காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

மருந்து உரிமைப் போராட்டத்தின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று இது. சந்தேகமில்லை. அந்த வெற்றி கொண்டுவந்து சேர்த்த மாத்திரைக்குள் இருந்தது ஸ்டாவுடின் என்பதும் உண்மை. பணக்கார நாடுகளின் மருத்துவர்கள் கைவிட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே அது ஏழை நாடுகளுக்குள் பெருவாரியாக நுழைந்தது. இதை வைத்து அன்றைய போராளிகளையோ சிப்ளாவையோ குறை சொல்வது அபத்தம். அன்றைக்கு ஒரு பக்கம் ஒட்டிய கன்னம், இன்னொரு பக்கம் சுடுகாடு. குறை சொல்ல வேண்டியது, மாற்று மருந்து மலிவான பிறகும் மாற்றத் தயங்கிய ஆண்டுகளை.

இந்தியாவில் அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் 2004 ஏப்ரல் 1 அன்று எட்டு மையங்களில் தொடங்கியது. அவற்றில் ஒன்று தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986இல் சென்னையில்தான் சுனிதி சாலமன், நிர்மலா ஆகியோரின் முயற்சியில் கண்டறியப்பட்டன. பதினெட்டு ஆண்டுகள் கழித்துத்தான் இலவச மருந்து வந்தது. வந்த மருந்தில் பெரும்பங்கு, ஸ்டாவுடினோ சிடோவுடினோ சேர்ந்த கூட்டு. சிடோவுடின் ரத்தத்தைக் குறைக்கும், ஆகவே ஹீமோகுளோபின் குறைவாக இருப்பவர்களுக்கு ஸ்டாவுடின் என்பது பின்பு வழிகாட்டு நெறியானது. நம் ஊரில் ரத்தசோகை யாருக்கு அதிகம் என்பது தெரிந்ததே. இந்த ஒற்றை நெறியால் ஆண்களைவிடப் பெண்களிடம் ஸ்டாவுடின் கூடுதலாகப் போயிருக்க வேண்டும் என்று ஊகிக்க இடமிருக்கிறது.

புனேயின் சஞ்சய் புஜாரி குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய முதல்நிலைக் கூட்டு மருந்து எடுத்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் கொழுப்புக் கோளாறு தெரிந்தது. மேற்கத்திய ஆய்வுகளுக்கு எந்த வகையிலும் குறைந்த அளவு இல்லை இது.

கை கால் கொழுப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் போன பிறகுதான் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் என்பார்கள். அதற்கு வெகு முன்பே அந்த உடம்புக்காரருக்குத் தெரிந்துவிடும். முழங்கைக்கு மேலே ஏறாத வளையல் ஏறும். ரவிக்கையின் கை தொளதொளக்கும், அதே ரவிக்கையின் இடுப்புப் பட்டி இறுக்கும். சவரம் செய்யும்போது கன்னக்குழிக்குள் பிளேடு சரியாகப் படியாது. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று தமிழ்நாட்டுச் சுவரெங்கும் விழிப்புணர்வு விளம்பரம் கேட்ட காலத்தில், எய்ட்ஸ் என்றால் ஒட்டிய கன்னமும் குழிவிழுந்த கண்ணும் என்ற படம் ஊர் மனதில் பதிந்திருந்தது. சிகிச்சையில் தேறி, எடை ஏறி, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மூச்சு விட்டவரின் முகத்தில், மூன்றாவது நான்காவது ஆண்டில் அதே படத்தைக் கொண்டுவந்து வைத்தது மருந்து. ‘என்னப்பா, இப்படி இளைச்சிட்டே?’ என்ற சாதாரண விசாரிப்புக்குப் பதில் சொல்ல முடியாமல் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தியவர்கள் உண்டு, மருந்தையே நிறுத்தியவர்களும் உண்டு. மருத்துவக் குறிப்புகள் இதை நெடுங்காலம் ‘அழகு சார்ந்த’ பிரச்சினை என்ற கணக்கில் வைத்திருந்தன. எச்.ஐ.வி.யில் முகம் என்பது அழகு சார்ந்த விஷயமில்லை, ரகசியம் சார்ந்த விஷயம்.

உலக சுகாதார நிறுவனம் 2007இல் ஸ்டாவுடின் அளவை எல்லோருக்கும் 30 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னது. 2009 நவம்பர் இறுதியில், படிப்படியாகக் கைவிடச் சொன்னது. நாடுகள் அதை நடைமுறைப்படுத்த மேலும் சில ஆண்டுகள் ஆயின.

மருந்தை மாற்றினால் போன கொழுப்பு வருமா? வரும், ஆனால் ஆமை வேகத்தில். ஸ்டாவுடின் அல்லது சிடோவுடினை நிறுத்தி அபாகாவிர் என்ற மருந்துக்கு மாறியவர்களைத் தொடர்ந்த ஆஸ்திரேலிய-பிரிட்டன் ஆய்வில் ஆறு மாதத்தில் கை கால்களில் கூடியது 0.39 கிலோ, இரண்டாண்டில் 1.26 கிலோ. உடல் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் தெரியும் இந்த ஏற்றம் கண்ணாடியில் தெரிவதில்லை. முகத்துக்கு ஊசி வழி நிரப்பிகள் வந்தன. பாலி-லாக்டிக் அமிலத்தை 2004இல் அமெரிக்கா இதற்கென்றே அனுமதித்தது. அது கொழுப்பைத் திருப்பித் தருவதில்லை, தோலுக்கடியில் நார்த்திசுவை வளர்த்துக் கன்னத்தை மேடாக்குகிறது. பல அமர்வு, பெரும் செலவு. நம் அரசு மையத்து நோயாளிக்கு அது கிட்டாத ஒன்று. உள்வயிற்றுக் கொழுப்புக்கு 2010இல் டெசமொரலின் என்ற ஊசி மருந்து அனுமதி பெற்றது. தினமும் போட்டுக்கொண்டால் ஆறு மாதத்தில் உள்கொழுப்பு ஏறத்தாழ 15 சதவீதம் குறையும். நிறுத்தினால் திரும்பிவிடும். இப்போது செமாகுளூட்டைடு ஊசியிலும் நல்ல பலன் பதிவாகியிருக்கிறது. அதில் தசையும் சேர்ந்து கரைவது ஐம்பது அறுபது வயதுக்காரர்களுக்குக் கவலைக்குரியது.

இனி இரண்டாவது விசாரணைக்கு வருவோம்.

ஸ்டாவுடின் போனது, சிடோவுடினும் பின்னுக்குப் போனது. டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரன்ஸ் என்ற ஒரு மாத்திரை, பின்னர் எஃபாவிரன்ஸின் இடத்தில் டோலுடெக்ராவிர் என்ற இன்டக்ரேஸ் தடுப்பான். வைரஸை வேகமாக இறக்கும், வைரஸுக்கு மருந்தெதிர்ப்பு எளிதில் உருவாகாது, எஃபாவிரன்ஸ் தந்த கெட்ட கனவுகளும் தலைச்சுற்றலும் பெரும்பாலும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் இதையே முதல் தேர்வாக்கியது, இந்தியாவின் அரசு மையங்களும் 2020 தொட்டு இதற்கு மாறின. அதற்குள், 2019இல், தென்னாப்பிரிக்காவிலிருந்து ‘அட்வான்ஸ்’ சோதனையின் முடிவு வந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் 1,053 பேர், பெரும்பான்மை பெண்கள், மூன்று பிரிவு. 48 வாரத்தில் எஃபாவிரன்ஸ் பிரிவில் எடை 1.7 கிலோ கூடியது. டெனோஃபோவிரின் பழைய வடிவத்தோடு டோலுடெக்ராவிர் எடுத்தவர்களுக்கு 3.2 கிலோ. டெனோஃபோவிர் அலாஃபினமைடு என்ற புதிய வடிவத்தோடு எடுத்தவர்களுக்கு 6.4 கிலோ. பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். இந்த முறை வற்றவில்லை, உடம்பெங்கும் ஏறியது. கேமரூனில் நடந்த ‘நம்சல்’ சோதனையும் டோலுடெக்ராவிர் பக்கமே கூடுதல் எடையைக் காட்டியது.

டோலுடெக்ராவிர் குண்டாக்குகிறது என்ற செய்தி மையங்களுக்கும் நோயாளிகளுக்கும் உடனே பரவியது. மறுபடியும் புதிய மருந்து குற்றவாளிக் கூண்டில்.

அட்வான்ஸ் தரவுகளைத் தோண்டிய தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். எஃபாவிரன்ஸைக் கல்லீரல் கழிக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். சி.ஒய்.பி.2பி6 என்ற மரபணு அதைத் தீர்மானிக்கிறது. மெதுவாகக் கழிப்பவர்களின் ரத்தத்தில் மருந்து தேங்கும். அப்படித் தேங்கியவர்களுக்கு எடை ஏறவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. வேகமாகக் கழிப்பவர்களுக்கோ, டோலுடெக்ராவிர் பிரிவில் ஏறியதைப் போலவே ஏறியது. அதாவது எஃபாவிரன்ஸ் எடையை அமுக்கிவைத்திருந்தது. பழைய டெனோஃபோவிரும் அப்படித்தான். எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்குத் தொற்றுத் தடுப்புக்காக இரண்டு வடிவத்தையும் கொடுத்துப் பார்த்த ‘டிஸ்கவர்’ சோதனையில், புதிய வடிவம் எடுத்தவர்களுக்கு ஓராண்டில் 1.1 கிலோ கூடியது, பழையதை எடுத்தவர்களுக்கு 0.1 கிலோ குறைந்தது. ஓராண்டில் ஒரு கிலோ கூடுவது மருந்தே சாப்பிடாத நகரவாசிக்கும் நடப்பதுதான்.

டோலுடெக்ராவிருக்குப் பங்கே இல்லை என்று இதை வைத்துச் சொல்ல நான் தயாரில்லை. ஆய்வகத்தில் கொழுப்பு செல்களின் மேல் இவ்வகை மருந்துகளுக்கு விளைவு உண்டு என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு மருந்துகளுக்கு இடையே உள்ள எடை வித்தியாசம் முழுவதையும் புதியதின் கணக்கில் எழுதுவது, 1998இன் தவறைத் திரும்பச் செய்வது. அன்று பழைய மருந்து கொழுப்பைத் தின்றுகொண்டிருந்தது தெரியாமல் புதியதைப் பிடித்தார்கள். இன்று பழைய மருந்து எடையை அமுக்கிக்கொண்டிருந்தது தெரியாமல் புதியதைப் பிடிக்கிறோம். எடை ஏறியவரை வேறு மருந்துக்கு மாற்றிப் பார்த்த ஆய்வுகளில் சிறிதளவே இறங்கியிருப்பதும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டியது.

உள்வயிற்றுக் கொழுப்பில் மருந்துகளுக்கு இடையே பெரிய பேதம் இல்லை என்பதற்கு அட்வான்ஸ் சோதனைக்கு முன்பே ஒரு சான்று இருந்தது. இரண்டு புரோட்டியேஸ் தடுப்பான்களையும் ரால்டெக்ராவிர் என்ற இன்டக்ரேஸ் தடுப்பானையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில், இரண்டாண்டில் மூன்று பிரிவினருக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு கூடியது, ஏறத்தாழ ஒரே அளவில். சிகிச்சை தொடங்கியதே காரணம் போலும். வைரஸ் அடங்கி, அழற்சி தணிந்து, குடல் தேறியதும் உடம்பு சேமிக்கத் தொடங்குகிறது. சி.டி.4 மிகவும் இறங்கிய பிறகு சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு இந்த ஏற்றம் அதிகம். அதோடு வைரஸ் முழுதாகப் போய்விடுவதும் இல்லை. கொழுப்புத் திசுவுக்குள்ளேயே தொற்றிய செல்கள் பதுங்கியிருப்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள்.

நம் உடல்வாகுக்கு இதில் தனிக் கவனம் தேவை. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே உள்வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் வந்துவிடுகின்றன. அதனால்தான் இடுப்புச் சுற்றளவின் அபாய எல்லை நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று கீழே இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அளப்பதற்கு ஸ்கேன் வேண்டாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் படிக்க வேண்டும். தொப்புளுக்கு நேராக, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளந்தால் எண் பொய் சொல்லும். ஜவுளிக்கடை டேப்பும் இரண்டு நிமிடமும் போதும். எடைக்கருவி மேல் ஏற்றி நிறுத்துவதைவிட இது அதிகம் சொல்லும்.

கொழுப்பைக் குறைப்பது கடினம் என்றாலும், இதயத்தைக் காக்க ஒரு வழி ஓரளவு உறுதிப்பட்டிருக்கிறது. இந்தியா உட்பட 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடந்த ‘ரிப்ரீவ்’ சோதனையில், வழக்கமான கணக்குப்படி மாரடைப்பு ஆபத்து அதிகம் இல்லாத எச்.ஐ.வி. உள்ளோருக்கு தினம் 4 மில்லிகிராம் பிடவாஸ்டாடின் கொடுத்ததில், இதயம், ரத்தக்குழாய் சார்ந்த பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன. முடிவு 2023இல் வெளியானது.

கடைசியாக, இரண்டு காலத்தையும் ஒரே உடம்பில் சுமப்பவர்களைப் பற்றி. 2004இலிருந்து ஸ்டாவுடின் எடுத்து, இடையில் எஃபாவிரன்ஸுக்கு வந்து, இன்று டோலுடெக்ராவிரில் இருப்பவர் தமிழ்நாட்டு மையங்களில் அரிதல்ல. இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார். கோபன்ஹேகனில் நடந்த ஓர் ஆய்வு, தைமிடின் போலிகளையோ டிடனோசின் என்ற மருந்தையோ ஒரு காலத்தில் எடுத்தவர்களை, நிறுத்திப் பல ஆண்டுகள் கழித்து அளந்தது. எடுக்காதவர்களைவிட அவர்களுக்குத் தோலடிக் கொழுப்பு குறைவாகவும் உள்வயிற்றுக் கொழுப்பு அதிகமாகவும் இருந்தது. தோலுக்கடியில் சேமிக்கும் இடம் சேதப்பட்டவருக்குப் புதிதாக ஏறும் கொழுப்பு கன்னத்துக்கும் காலுக்கும் போவதில்லை, வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும்தான் அடையும் என்று இதைப் படிக்கலாம். அப்படியானால் அவருடைய அட்டையில் 58 கிலோ, உயரத்துக்கு ஏற்ற எடை என்று எழுதியிருப்பது உண்மையாக இருந்தும் ஒன்றும் சொல்லாது. அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இன்று என்ன மாத்திரை என்பதல்ல. 2004க்கும் 2012க்கும் இடையே என்ன மாத்திரை, எத்தனை ஆண்டு என்பது. பழைய அட்டை தொலைந்துபோயிருந்தால், காலையும் இரவும் சாப்பிட்ட மாத்திரையின் நிறத்தையும் அப்போது கால் எரிந்ததா என்பதையும் கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலோருக்கு நினைவிருக்கும்.